பேனரில் இருந்த புலி நமீபியாவில் இல்லை

கொம்பு இல்லன்னா அது எருமையாடா? உன் தலையில முடி இல்ல. அதுக்காக உன்னை ஏழுமலை இல்லன்னு சொல்லி வூட்டுல சோறு போடாம வெளிய தள்ளினாங்களா? பேசறதா இருந்தா நேருல வந்து பேசு. நான் இல்லாத நேரமா பாத்து டீக்கடையில உக்காந்துகினு, "மாமா ஆப்பிரிக்கா வரைக்கும் போயி எருமை மாட்டைப் படம் புடிச்சிகினு வந்துட்டாரு"ன்னு பேசறியே, அந்த எருமைக்கு எத்தனை விரல்னு பாத்தியா?

வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். சண்டை நடுவில் உங்களை இழுத்து வந்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன். நமீபியா போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் விஷயங்களும் இடையிடையே வரும், பொறுக்கிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோவிந்தசாமி, ஊர் பாகூர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதன் பிறகு கரும்பு லாரி ஓட்டினேன். கண்ணாடி போட்டும் எதிரே வருவது பஸ்ஸா வைக்கோல் வண்டியா என்று தெரியாமல் போன அன்றைக்கு, என் மனைவி அஞ்சலை சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஏழுமலை அவளுடைய தம்பி. தவளக்குப்பத்தில் டிஜிட்டல் பேனர் கடை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், கருமாதிக்கும் பேனர். அதனால் அவன் கடை மிஷினுக்கு ஓய்வே கிடையாது. மாமனும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசாமல் இருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிற ஊர் இது. நாங்கள் இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியமாகவே இருக்கிறோம்.

எங்கள் மகள் மாலதி நமீபியாவின் தலைநகரமான விண்ட்ஹூக்கில் கணக்கு டீச்சர். "ஆகஸ்ட்டுல வாங்கப்பா. மழை கிடையாது, மரத்துல இலை கிடையாது, தண்ணி குடிக்க எல்லா மிருகமும் ஒரே இடத்துக்கு வரும். எனக்கும் அப்போ ஸ்கூல் லீவு" என்றாள். சரி என்று டிக்கெட் போட்டோம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போனால், சவுக்குக் கழி கட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பேனர். யாரோ ஒருத்தருடைய கோட்டு சூட்டின் மேல் என் தலை. என்னைச் சுற்றி யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம், புலி. மேலே "ஆப்பிரிக்கக் காட்டை அதிரவைக்கப் புறப்படும் எங்கள் மாமா அவர்களே" என்று கொட்டை எழுத்து. ஏழுமலை பக்கத்திலேயே நின்று என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மாமா, இதுல ஒண்ணாவது பாப்பியா? இல்ல, பொண்ணு வூட்டு டிவியில பாத்துட்டு வந்து கதை வுடுவியா?"

எனக்கு ஊரில் அப்படி ஒரு பெயர் உண்டு. லாரி ஓட்டின காலத்தில் நான் சொன்ன கதைகளில் பாதி கதைதான். அதனால் நான் நிஜத்தைச் சொன்னாலும் டீக்கடையில் ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்துக் கண்ணடிப்பான். இந்த ஒரு தடவையாவது நான் பார்த்ததைப் பார்த்தேன் என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் கைகொடுத்துப் பந்தயம் கட்டினோம். பேனரில் இருக்கிற ஆறு மிருகத்தையும் நான் படம் பிடித்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த மிருகம் இருக்கிற இடத்தில் என் மூஞ்சியை வைத்து இன்னொரு பேனர் வைப்பான். ஆறும் வந்துவிட்டால் அவன் மூஞ்சி. அந்தப் பேனர் பாகூரில் இல்லை, நாலு பக்கத்து வண்டியும் நின்று போகிற தவளக்குப்பம் ஜங்ஷனில்.

ஆப்பிரிக்காவில் புலி கிடையாது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அங்கே நின்று கைதட்டின யாருக்கும் தெரியாது. காடு என்றால் புலி இருக்கும் என்று அவன் படத்தைப் போட்டான். பேனரில் இருக்கிறதே என்று நானும் கைகொடுத்தேன்.

சென்னையில் ஏறி, அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, விண்ட்ஹூக்கில் இறங்கினோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலை அதை எள்ளுருண்டை டப்பாவுக்குள் பத்திரப்படுத்தி, ஏர்போர்ட் ஆள் முன்னால் டப்பாவைத் திறக்க, அவருக்கும் ஓர் உருண்டை கொடுக்க வேண்டியதாயிற்று. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் முன்னால் விசாரித்துவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்து காலை ஆறு மணிக்கு எத்தோஷா தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் யோஹன்னஸ். என்னைவிட இருபது வயது சிறியவர், வாலிபத்திலிருந்தே சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர். வயதில் பெரியவரை அவர்கள் "தாத்தே" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், பெரிய பெண்களை "மெமே" என்பார்கள். நான் பேசுவதை மாலதி இங்கிலீஷ் ஆக்கினாள், அவர் பேசுவதைத் தமிழாக்கினாள். நான் பேசியதில் பாதியை அவள் விழுங்கிவிட்டாள் என்பது என் சந்தேகம்.

விண்ட்ஹூக்கிலிருந்து ஒட்ஜிவராங்கோ ஊர் 250 கிலோமீட்டர், அங்கிருந்து ஔட்ஜோ 70, பூங்கா வாசல் இன்னும் 98, உள்ளே ஒகாகுவேயோ முகாம் 17. ஆகமொத்தம் 435 கிலோமீட்டர். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ரோட்டில் ஒரு குழி இல்லை. பாகூரிலிருந்து வில்லியனூர் போவதற்குள் நாம் பார்க்கிற கூட்டத்தை அங்கே பொழுது முழுக்க ஓட்டினாலும் பார்க்க முடியாது. வழியில் டீசல் போட்டுக்கொண்டே போங்கள். விட்டால் அடுத்த பங்க் எங்கே என்று அந்த ஊர்க்காரருக்கே யோசனை வருகிறது.

ஒட்ஜிவராங்கோவில் டீ குடிக்க நின்றபோது, பெருமைக்காக யோஹன்னஸிடம் போனில் பேனர் படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு மிருகமாக விரலை வைத்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், புலியிடம் நின்றார்.

"இவரும் உங்களோட அதே விமானத்துல வந்தாரா தாத்தே? எங்க ஊர்ல இவரை யாரும் பாத்ததில்லையே."

மாலதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டீயை அப்படியே வைத்தேன். உடனே ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"டேய், ஆப்பிரிக்காவுல புலியே கிடையாதாம்டா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மாமா. பேனர்ல இருக்குது. நீ கை குடுத்துட்ட."

"இல்லாத மிருகத்தை எங்கேர்ந்துடா கொண்டாறது?"

"அப்போ உன் மூஞ்சியை நல்லா சோப்புப் போட்டுக் கழுவி வெச்சிக்கோ, போட்டோ எடுக்கணும்." அந்தப் பக்கம் டீக்கடையே சிரித்தது. பிறகு அவனே இறங்கி வந்தான். "சரி, பொழைச்சிப் போ. புலிக்குப் பதிலா வேற ஒண்ணு. ஆனா சும்மா இல்ல. உன் வண்டி ஓட்டுறாரே, அந்த டிரைவரே இதுவரைக்கும் பாக்காத மிருகமா இருக்கணும். ஓகேவா?"

மாலதி இதைச் சொன்னதும் யோஹன்னஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். சிறுத்தை மரத்தில் இரையை ஏற்றுவதையும், கழுதைப்புலி சிங்கத்திடம் திருடுவதையும் பார்த்தவர் அவர். அவர் பார்க்காதது ஒன்றே ஒன்றுதானாம்: எறும்புத்தின்னி, நாம் அழுங்கு என்கிறோமே, அது. "என் அம்மா பார்த்திருக்கிறார். என் மனைவியின் தம்பிகூடப் பார்த்துவிட்டான். கல்யாணம், பண்டிகை என்று எங்கே கூடினாலும் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்" என்றார்.

மச்சான் என்கிற ஜாதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அது எங்கள் இரண்டு பேருடைய பந்தயமும் ஆயிற்று.

எத்தோஷாவில் மூன்று நாள். சூரியன் உதித்தால் வாசல் திறப்பார்கள், மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். குறிப்பிட்ட இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. அஞ்சலை அதற்காகவே காலையில் காபியை நிறுத்திவிட்டாள்.

முதல் நாளே யானை. நம் கோயில் யானையைவிடக் காது இரண்டு பங்கு. அந்த மண் வெள்ளை மண், அதைப் பூசிக்கொண்டு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வரிசையாக நடந்து வந்தன. ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்க முன்னங்காலை அகட்டி வைத்துக் குனிந்தது, லாரிக்கு அடியில் ஜாக்கி வைக்கக் குனிகிற என்னைப் போலவே. மரத்தடியில் படுத்திருந்த சிங்கம் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. வரிக்குதிரை கூட்டம் கூட்டமாக. பூங்காவின் மேற்குப் பக்கத்தில் மலை வரிக்குதிரை என்று இன்னொரு வகையும் இருக்கிறதாம், மாட்டுக்கு இருக்கிற மாதிரி கழுத்தில் தோல் மடிப்பு தொங்குமாம். ஆட்டு மந்தை மாதிரி ஸ்பிரிங்பாக் மான்களும், ஈட்டிக் கொம்போடு ஓரிக்ஸ் மான்களும் கணக்கில்லாமல் நின்றன.

எந்த மிருகம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று உலக அளவில் தரம் பிரித்திருக்கிறார்கள். யோஹன்னஸ் விளக்கியது முதலில் எனக்கு ஏறவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி மாதிரி என்று பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிங்பாக்கும் ஓரிக்ஸும் நோயே இல்லாதவர்கள், கவலை வேண்டாம். சமவெளி வரிக்குதிரை வெளியே சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறது. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மலை வரிக்குதிரை, எறும்புத்தின்னி எல்லாம் வார்டில் சேர்த்தாயிற்று. ஆப்பிரிக்க யானை ஆபத்தான கட்டம், ஆனால் நமீபியாவில் கொஞ்சம் தேறி வருகிறது. கறுப்புக் காண்டாமிருகம் ஐ.சி.யூ. உலகத்தில் மிச்சமிருக்கிற கறுப்புக் காண்டாமிருகங்களில் பெரிய பங்கு இந்த நாட்டில்தான் இருக்கிறதாம்.

அந்த ஐ.சி.யூ. பேஷண்ட் ஒரு சாயங்காலம் முகாமின் தண்ணீர்க் குட்டைக்கு வந்தது. கல் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை நாட்டு ஜனங்களும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாயும் வெளிச்சத்தில் மெதுவாக நடந்து வந்து குடித்தது. மூக்கின் மேல் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கலாக இரண்டு திட்டு. திருடர்கள் கொம்புக்காகத்தான் சுடுகிறார்கள், அதனால் மயக்க ஊசி போட்டு, வலிக்காமல் கொம்பைப் பூங்காக்காரர்களே அறுத்துவிடுகிறார்கள். நகம் மாதிரி திரும்ப வளருமாம். உயிர் பிழைக்க மூக்கை மொட்டையாக வைத்துக்கொண்டு திரிகிறது.

படத்தை ஏழுமலைக்கு அனுப்பினேன். வந்த பதில்: "மாமா, இது எருமை." டேய், எருமைக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், இதற்குக் காலுக்கு மூன்று விரல். படத்தைப் பெரிசு பண்ணிப் பார்.

ஐந்து ஆயிற்று. எறும்புத்தின்னி மட்டும் கண்ணில் படவே இல்லை. அது இருட்டில் நடமாடுகிற பிராணி. குளிர்காலத்தில் சில சமயம் வெயில் இருக்கும்போதே இரை தேடக் கிளம்பும், அந்த ஒரு நம்பிக்கைதான்.

திரும்பும் வழியில் கடைசியாக ஒரு பண்ணை விடுதியில் தங்கினோம். பெயரையும் இடத்தையும் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும். அங்கே சிங்கம் கிடையாது, இறங்கி நடக்கலாம். மாலை ஐந்து மணி வெயிலில் வண்டித்தடத்தில் நடந்தோம். நானும் யோஹன்னஸும் முன்னால், அஞ்சலையும் மாலதியும் பின்னால்.

"ஏங்க, இங்க பாருங்க. பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ணு நடந்து போவுது."

நான் திரும்பவே இல்லை. நாற்பது வருஷமாக நான் அவளிடம் விட்ட கதைகளுக்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

"பழம் எந்தப் பக்கம் போவுது, பஸ் ஸ்டாண்டுக்கா?" என்றேன்.

"அய்ய, கையைக் கட்டிகினு போவுதுங்க! திரும்பித்தான் பாருங்களேன்!"

திரும்பியவர் யோஹன்னஸ். அப்படியே நின்றுவிட்டார். பிறகுதான் நான் பார்த்தேன். பலாப்பழத்துக்கு வால் முளைத்த மாதிரி, உடம்பு முழுக்கச் செதில். முன்னங்கைகளை நெஞ்சோடு மடக்கி, பஞ்சாயத்துக்குக் கூட்டி வந்த குற்றவாளி மாதிரிக் குனிந்து, இரண்டு பின்னங்காலில் தத்தித் தத்திப் போயிற்று. எறும்புப் புற்றில் மூக்கை நுழைத்தது. எங்களைச் சட்டை செய்யவே இல்லை.

நான் போனைத் தூக்கினேன். யோஹன்னஸின் கை வந்து கேமராவை மூடியது.

"தாத்தே, வேண்டாம்."

மாலதி குசுகுசுவென்று சொன்னாள். இந்தச் செதிலுக்காக உலகத்திலேயே அதிகமாகக் கடத்தப்படுகிற பிராணிகளில் இது ஒன்றாம். படத்தோடு இடமும் போனில் பதிவாகிவிடும். அதை அணைத்தாலும் பின்னால் இருக்கிற புற்றையும் மரத்தையும் மலையையும் வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். இன்றைக்கு நம் போனில், நாளைக்கு ஊர் போனில், அடுத்த வாரம் ஒரு சாக்கு மூட்டையில்.

எனக்குப் புரிந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன். தவளக்குப்பம் ஜங்ஷன் கண் முன்னால் வந்து நின்றது. சிக்னலில் நிற்கிற பஸ் ஜனமெல்லாம் என் மூஞ்சியை எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு படம் போதும். அவர் கை மெதுவாக, கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம்.

போனை அவர் பக்கம் திருப்பினேன்.

தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார் அந்த மனிதர். வாய் சிரிக்கிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. பின்னால் வெறும் வானம். அங்கே நான் எடுத்தது அந்த ஒரு வீடியோ மட்டும்தான். எறும்புத்தின்னி புதருக்குள் போய் மறைந்த பிறகு அவர் எழுந்து, முதல் வேலையாகத் தன் மச்சானுக்குப் போன் போட்டார்.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் பஞ்சாயத்து. ஐந்து மிருகத்தின் படத்தையும் காட்டினேன். விரலை எண்ணிவிட்டு எருமைக் கட்சி அடங்கிற்று, ஏழுமலையைத் தவிர. பிறகு யோஹன்னஸ் வீடியோவைப் போட்டேன்.

"இன்னா மாமா இது, எவரோ உக்காந்து அழுவுறாரு. எறும்புத்தின்னி எங்க?"

"பந்தயம் இன்னா? டிரைவர் பாக்காத மிருகம். அதைப் பாத்தாரா இல்லையான்னு டிரைவர் மூஞ்சியைத்தான் பாக்கணும்."

"நீ பத்து ரூபா குடுத்து அழச் சொல்லியிருப்ப!"

டீக்கடைக்காரர் பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி மறுபடியும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு என்னைச் சுத்தமாக நம்பிக்கை கிடையாது, என் பழைய கதைகளை அதிகம் கேட்டவர் அவர்தான். "ஏழுமலை, உனக்குப் பொண்ணு பொறந்த அன்னிக்கி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து இப்டித்தான்டா அழுத. நான்தான் உனக்கு டீ வாங்கியாந்தேன். இது காசுக்கு வர்ற அழுவை இல்ல" என்றார்.

அப்போது பாகூரில் காலை பதினொன்று, அங்கே ஏழரை. வீடியோ கால் போட்டேன். யோஹன்னஸ் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். மாலதி சொல்லிக்கொடுத்திருப்பாள் போலிருக்கிறது, வந்ததும் தமிழிலேயே கேட்டார்: "புலி யாரு?"

கடையிலிருந்த அத்தனை கையும் ஏழுமலையைக் காட்டியது. அவ்வளவுதான். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். "அண்ணன் பாத்துட்டு வந்துட்டாருய்யா" என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் கண்ணடிக்காமல் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னொரு தடவை 435 கிலோமீட்டர் போகலாம்.

இதைத் தவளக்குப்பத்தில் ஏழுமலையின் கடையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே மிஷின் ஓடுகிறது. புலி இருந்த இடத்தில் ஏழுமலையே தன் மூஞ்சியை வெட்டி ஒட்டினான். எறும்புத்தின்னிக்குப் பதில் யோஹன்னஸின் மூஞ்சி, அவரிடம் கேட்டுக்கொண்டுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே அதனதன் நிலையையும் போடச் சொன்னேன். காண்டாமிருகத்துக்கு "மிகக் கடுமையான ஆபத்து", யானைக்கு "ஆபத்து", அப்படியே எல்லாவற்றுக்கும்.

"உனக்கு இன்னாடா போடறது?"

"ஒண்ணும் வேணாம் மாமா."

"அப்டி வுட முடியாது. 'மச்சான். கவலை வேண்டாம், ஏராளமாக உள்ளது'ன்னு அடி."

பல்லைக் கடித்துக்கொண்டே அடித்தான். மிஷின் ஓடுகிற நேரத்தில், உங்களுக்காக எழுதிய யோசனைகளை அவனுக்கும் வாசித்துக் காட்டினேன்.

"ஜூலையிலேர்ந்து அக்டோபருக்குள்ள போ. விடியக்காலம் பல்லு கிடுகிடுங்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ. முகாம்ல ரூமை முன்னாடியே போட்டு வை. போன்ல இடம் காட்டுறதை ஆஃப் பண்ணு. காண்டாமிருகத்தையும் எறும்புத்தின்னியையும் எங்க பாத்தன்னு எவன் கேட்டாலும் வாயைத் தொறக்காத. செதிலு, தந்தம்னு எவனாவது வித்தா கையில தொடாத. கேக்கறியாடா?"

"கேக்கறன், கேக்கறன்." பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கடைசியா ஒண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். நீ அங்க போயி புலியைப் பாக்கணும்னா, மறக்காம ஒரு கண்ணாடியை எடுத்துகினு..."

பைக் கிளம்பிற்று. பேனர் ஏறப்போகிற ஜங்ஷன் பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு கரியமாணிக்கம் ரோட்டைப் பிடித்துப் போனான். மிஷினிலிருந்து அவன் மூஞ்சி மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. வழுக்கை முழுசும் வந்தாயிற்று, கண் இன்னும் வரவில்லை.